கிறிஸ்துமஸ் குக்கீ மேல் தூவிய கலர் ஏன் வழிகிறது?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பட்டர் குக்கீயும் கப்கேக்கும் செய்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் சிலர் காசு கொடுத்து ஆர்டரும் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி சிவப்பு, பச்சை பால்ஸ் தூவி வைத்தால், விடிவதற்குள் வெள்ளை ஐசிங் முழுக்க ரோஸ் கலர் படர்ந்துவிடுகிறது. கலர் சீனி பிசுபிசுக்கிறது. பேக்கிங் அவனில் வைக்கும் முன்பே தூவலாமா, இல்லை வெந்த பிறகுதான் தூவ வேண்டுமா? சில்வர் பால்ஸ், தங்கப் பொடி எல்லாம் குழந்தைகள் சாப்பிடலாமா? - ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் எல்லாக் கேள்விகளிலும், கடைசி ஒன்றைத் தவிர, பிரச்சினை ஒன்றுதான்: ஈரம். எந்தக் கம்பெனி ஸ்பிரிங்கிள்ஸ் (மேலே தூவும் கலர் மிட்டாய்) வாங்கினீர்கள் என்பதைவிட, தூவும் நேரத்தில் அடியில் எவ்வளவு ஈரம் இருந்தது, தூவிய பிறகு காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதுதான் முக்கியம்.

முதலில் அந்தக் குட்டி பால்ஸ் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். சுழலும் பாத்திரத்தில் சீனிப் படிகங்களைப் போட்டு, பாகை ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததை ஏற்றி உருட்டுகிறார்கள். நம் ஊர் சீரக மிட்டாய் செய்வதும் இதே முறைதான், உள்ளே சீரகம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கலர் பெரும்பாலும் வெளிப்பூச்சில் இருக்கிறது. அதுவும் தண்ணீரில் கரையும் கலர். ஈரமான ஐசிங்கில் விழுந்ததும் அது இறங்கத் தொடங்குகிறது. முட்டை வெள்ளையும் ஐசிங் சுகரும் அடித்துச் செய்யும் ராயல் ஐசிங் காய மணிக்கணக்கில் ஆகும் என்பதால் ராத்திரி முழுக்க ஊறுகிறது. சாக்லேட் வெர்மிசெல்லி மாதிரி நீளமான வகைகளில் கொழுப்பு கலந்திருப்பதால் அவை இவ்வளவு மோசமாக வழிவதில்லை. வெள்ளை ஐசிங் மேல் சிவப்பு வேண்டுமென்றால் குட்டி பால்ஸை விட்டுவிட்டு நீள வகையை வாங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பால்ஸ்தான் வேண்டும் என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஐசிங் ஊற்றியவுடன் தூவாதீர்கள். மேலே மெல்லிய ஆடை கட்டி, விரலால் லேசாகத் தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் மட்டும் குழிகிற ஒரு கட்டம் வரும். அப்போது தூவி, மெதுவாக அழுத்திவிடுங்கள். வறண்ட அறையில் கால் மணி நேரத்துக்குள் அந்தக் கட்டம் வந்துவிடும். மழை பெய்கிற நாளில் அதைவிட நேரமாகும். அதனால் கடிகாரத்தை நம்பாமல் ஒரு குக்கீயை மட்டும் தனியாக வைத்துத் தொட்டுப் பாருங்கள். இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. ஐசிங்கை முழுக்கக் காயவிட்டு, மறுநாள் தூவ வேண்டிய இடத்தில் மட்டும் மிக மெல்லிய தூரிகையால் கொஞ்சம் ஐசிங்கைத் தடவி, அதன் மேல் தூவுவது. ஈரம் கொஞ்சமாக இருப்பதால் சீக்கிரம் உலரும், கலருக்கு ஓட இடம் இருக்காது. நட்சத்திரத்தின் ஓரம், மரத்தின் கிளை நுனி என்று கோடு பிடித்து அலங்கரிக்கவும் இதுதான் வசதி. ஒட்டுவதற்குத் தேனோ கார்ன் சிரப்போ (சோளப் பாகு) தடவச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. குளிரான, வறண்ட ஊர்களுக்கு அது சரி. கடற்கரை ஊரில் அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது.

கலர் சீனி பிசுபிசுப்பதற்கும் காரணம் இதுதான். சாதாரண சீனி, காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர் ராத்திரியில் உங்கள் ஊர்க் காற்று அந்த அளவைத் தொடுவது சாதாரணம். மக்ரூனைத் திறந்து வைத்தால் ஈரம் குடித்து நமுத்துப்போகும் என்று தூத்துக்குடியில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேன் போட்டால் மழைக்காற்றைத்தான் உள்ளே அழைக்கிறீர்கள். ஏசி இருந்தால் அந்த அறையில், கதவைச் சாத்திக் காயவையுங்கள். ஏசி அறையின் ஈரத்தையும் எடுத்துவிடும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் மேலே நீர் முத்துமுத்தாக வியர்க்கும், அந்த நீரே போதும் எல்லாக் கலரும் ஓட. பட்டர்கிரீம் போட்ட கப்கேக்கை ஃபிரிட்ஜில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், காற்றுப்புகாத டப்பாவோடு வைத்து, வெளியே எடுத்த பிறகும் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். தூவல் அதற்கு அப்புறம், கொடுப்பதற்குச் சற்று முன்பு.

சரி, அவனுக்கு முன்பா பின்பா? சீனி உருக ஏறத்தாழ 186 டிகிரி செல்சியஸ் வேண்டும். நாம் குக்கீ சுடுவது 160 முதல் 175 டிகிரியில். அதனால் பெரிய பரல் சீனியை முன்பே தூவலாம், பளபளப்பு அப்படியே நிற்கும். பொடிச்சீனியைத் தூவினால் மாவின் ஈரத்திலேயே கரைந்து மேலே மொறுமொறு ஏடாகும். அதுவும் ருசிதான், ஆனால் மின்னாது. கலர் பால்ஸை மாவில் பிசையவோ முன்பே தூவவோ வேண்டாம், வழிந்துவிடும். நீள ஸ்பிரிங்கிள்ஸைக் கேக் மாவில் கடைசியில் லேசாகக் கிளறிவிடலாம். அமெரிக்காவில் பில்ஸ்பரி நிறுவனம் 1989-ல் ஃபன்ஃபெட்டி என்ற பெயரில் பிரபலமாக்கிய புள்ளி கேக்கின் சூட்சுமமும் இதுதான். அதிகமாகக் கலக்கினால் மாவு முழுக்கச் சாம்பல் நிறமாகும்.

ஆர்டருக்குச் செய்கிறீர்கள் என்பதால், நான் உங்களுக்கு மனதாரச் சொல்வது ஐசிங்கே இல்லாத ஒரு வேலை. குக்கீ மாவை உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் இறுகவிடுங்கள். ஒரு முட்டை வெள்ளையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் சேர்த்து அடித்து உருளை முழுக்கத் தடவுங்கள். முட்டை சேர்க்காதவர்களுக்குப் பால் போதும். தட்டில் பரப்பிய கலர் சீனி மேல் உருளையை அழுத்தி உருட்டி, மறுபடி குளிரவிட்டு, வட்டம் வட்டமாக நறுக்கிச் சுடுங்கள். ஒவ்வொரு குக்கீக்கும் ஓரத்தில் சிவப்போ பச்சையோ மின்னும் ஒரு கரை. அவன் சூட்டில் சீனி உலர்ந்து ஒட்டிக்கொள்வதால் அடுக்கி வைத்தாலும் உதிராது, வழியவும் ஐசிங் இல்லை. மழைக்கால கிறிஸ்துமஸுக்கு இதைவிட நல்ல அலங்காரம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கலர் சீனியை நீங்களே செய்யலாம். கடைகளில் குட்டி டப்பாவுக்குக் கேட்கும் விலைக்கு அது தேவையே இல்லை. பெரிய பரல் சீனி எடுங்கள். இன்னும் மின்ன வேண்டுமென்றால் டைமண்ட் கற்கண்டைத் துணியில் சுற்றிக் குழவியால் கொரகொரப்பாகத் தட்டி, தூளைச் சலித்து விட்டுவிட்டு, பரலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூள் கலந்தால் மங்கும். 100 கிராமுக்கு இரண்டு மூன்று சொட்டு ஜெல் கலர். தண்ணீர்க் கலர் ஊற்றினால் பரல் கரையும். ஜிப் கவரில் போட்டு, கலர் சீராகப் பரவும்வரை வெளியிலிருந்தே கசக்கி, ட்ரேயில் மெல்லிசாகப் பரப்பி, 90 டிகிரி அவனில் பத்து நிமிஷம். ஆறியதும் கட்டிகளை உதிர்த்து, இறுக்கமான பாட்டிலில் அடைத்துவிடுங்கள். பீட்ரூட் பொடியில் கலர் எடுப்பதென்றால் சுட்ட பிறகு தூவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்குள் அது பழுப்பாகிவிடும். இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொண்டால் பெட்டியைத் திறக்கும்போது அழகு தனி. ஏழெட்டு நிறம் கலந்த தூவல் எனக்கு எப்போதும் இரைச்சலாகத்தான் தெரிகிறது.

கேக் மேல் பனி மாதிரி ஐசிங் சுகர் சலிப்பதும் இதே கதைதான். சூட்டோடு சலித்தால் ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகும். நன்றாக ஆறிய பிறகு, பரிமாறும்போதே சலியுங்கள்.

இப்போது கடைசிக் கேள்வி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொடிகளில் "நச்சற்றது" என்று எழுதியிருப்பதும் "உண்ணத்தக்கது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முன்னது, கைவேலைப் பொருட்களிலும் இருக்கும் வாசகம். 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் தங்க நிறப் பொடி பூசிய பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. சோதித்தபோது அந்தப் பொடியில் செம்பு இருந்தது. நம்மூரிலும் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் இருந்ததைக் கண்டுபிடித்துத்தான் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. அதனால் தளர்வாக அள்ளி, பெயரில்லாத கவரில் கட்டித் தரும் கலர் பால்ஸையும் பொடியையும் வாங்காதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், உட்பொருள் பட்டியல், கலருக்கான ஐஎன்எஸ் எண் (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண்), காலாவதித் தேதி எல்லாம் அச்சிட்ட டப்பாவாக இருக்கட்டும். இவை இல்லாத தங்கப் பொடியைக் கேக்கில் வைக்கும் பொம்மைக்குக்கூடப் பூச வேண்டாம், உதிர்ந்து க்ரீமில் விழும்.

சில்வர் பால்ஸில் உண்ணத்தக்கது என்று அச்சிட்ட வகையே போதும், ஆனால் பெரிய சைஸ் கல்லு மாதிரி கடினமானது. பெரியவர்களுக்குப் பல் விரிசல் விடும், சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிற பெட்டியில் அதைச் சேர்க்காதீர்கள், கற்கண்டுப் பரலே அந்த மினுமினுப்பைத் தரும். ராயல் ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளை வேண்டாம், உலர்ந்த முட்டை வெள்ளையில் செய்யும் மெரிங் பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி மேல் முட்டை, முந்திரி, பால் எது எது சேர்ந்திருக்கிறது என்று ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டிக் கொடுங்கள். காசு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்பதால், வீட்டில் செய்பவர்களுக்கும் உண்டான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை டிசம்பருக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.