புள்ளிமான்களைப் புது அடைப்புக்கு மாற்றுவது: வலை வேண்டாம்

வணக்கம். தக்கலைப் பக்கம் பூங்காவில் 6 புள்ளிமான்களை அடுத்த அடைப்புக்கு மாற்ற வலை போட்டுப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். விரட்டிப் பிடித்த மான் அன்றைக்கு நன்றாகத்தான் நிற்கும். ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து, சில நாள் கழித்துச் செத்துப்போகலாம். பின்கால் விறைத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

நடுவேலியைத் திறந்து, போகப்போகக் குறுகும் பாதை ஒன்று அமையுங்கள். இரு பக்கமும் இரண்டரை மீட்டர் உயரத்துக்குப் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வெளியே ஆள் நடமாடுவது தெரியவே கூடாது. தீவனத் தொட்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உள்ளே நகர்த்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே நடந்து போகும். கதவை மூடுவது வெயில் ஏறுமுன், விடியற்காலையில்.

ஆண் மான்களுக்குக் கொம்பு உதிர்ந்த சமயமே நல்லது. புள்ளிமானில் எல்லாம் ஒரே மாதத்தில் உதிராது, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

புது அடைப்பின் கம்பிவலை மான் கண்ணுக்குத் தெரியாது. பாய்ந்து மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் முடைந்த தென்னோலையைச் சுற்றிலும் கட்டிவிடுங்கள், நம்மூரில் ஓலைக்கா பஞ்சம்? வேறு பூங்காவுக்கு அனுப்புவதென்றால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி கட்டாயம்.