மூத்த மெக்கானிக் ஓய்வுபெறும் முன் ஒரு விக்கி

கேள்வி: கோவையில் பம்ப்செட் பழுதுபார்க்கும் நிறுவனம் நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். தொழில் விவரம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவிலும் எங்கள் மூத்த மெக்கானிக்கின் நினைவிலும்தான் இருக்கிறது. அவர் ஆறு மாதத்தில் ஓய்வுபெறுகிறார். விக்கி (எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுப்பு) வைத்தால் பயன்படுமா? ஆட்கள் எழுதுவார்களா?

பதில்: பயன்படும். ஆனால் அவரிடம் போய், "தெரிந்ததையெல்லாம் எழுதிவையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கைத்தொழிலில் ஊறியவருக்கு வெற்றுத் திரையைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இளையவர்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்து என்னென்ன கேட்கிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். அந்தக் கேள்விகளே பக்கங்களின் தலைப்பு. அவர் சொல்லட்டும், கேட்டவர் எழுதட்டும், பிறகு அவர் படித்துத் திருத்தட்டும்.

"மோட்டார் ஓடிய சிறிது நேரத்தில் ரிலே ட்ரிப் ஆகிறது", அதாவது மோட்டாரைக் காக்கும் ரிலே அதை நிறுத்திவிடுகிறது என்று ஒரு பக்கம் இருக்கலாம். முதலில் மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் சரிதானா என்று பார்க்கவேண்டும். அடுத்து டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி அளக்கும் கருவி) கரண்ட். மூன்றிலும் ஒரே அளவாகக் கூடியிருந்தால் பம்பு இறுகியிருக்கிறதா என்று பார். வோல்டேஜ் சமமாக இருந்தும் கரண்ட் ஏறுமாறாக இருந்தால் வைண்டிங்கையும் (மோட்டாரின் கம்பிச் சுருள்) இணைப்புகளையும் சந்தேகப்படு. கிணற்றடியில் நின்று படிப்பவனுக்கு இந்த நாலு வரி போதும். பம்பின் வரலாறு அங்கே வேண்டாம்.

எழுதத் தயங்குபவர்களின் பயமெல்லாம், இருப்பதைக் கெடுத்துவிடுவோமோ என்பதுதான். விக்கியில் பழைய பதிப்புகள் அப்படியே இருக்கின்றன, நொடியில் மீட்கலாம் என்பதை அவர்கள் கண்முன்னே ஒருமுறை செய்து காட்டுங்கள். 1995இல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரையே அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் அதற்கு 'விரைவு' என்று பொருள். திருத்துவதும் அவ்வளவு விரைவாக முடியவேண்டும்.

உங்கள் அளவுக்கு டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளே நல்லது. இலவசம்; தமிழிலேயே எழுதலாம். பக்கங்களைத் தரவுத்தளம் இல்லாமல் எளிய உரைக் கோப்புகளாகவே வைத்திருப்பதால், காப்புநகல் என்பது ஒரு கோப்புறையைப் படியெடுப்பதுதான். விலைப்பட்டியல் போன்றவற்றை யார் பார்க்கலாம் என்று வரம்பும் வைக்கலாம். கடவுச்சொற்களை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதக்கூடாது.

இனி குழுவில் யார் கேள்வி கேட்டாலும் நீங்கள் விக்கிப் பக்கத்தின் இணைப்பையே பதிலாக அனுப்புங்கள். பக்கம் இல்லையென்றால், பதில் பெற்றவர் அன்று மாலைக்குள் அதை எழுதிவிடவேண்டும். நீங்களே விதியை மீறிக் குழுவில் நீளமாக விளக்கம் எழுதினால் ஒருவரும் விக்கிப் பக்கம் திரும்பமாட்டார்கள்.