சென்னைப் பூங்காவில் நடைபாதை வேலைக்குத் தன்னார்வலராகப் போவதால் பயன் உண்டா?

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை, போவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் மழைக்காலத்தில் போங்கள். தை மாதத்தில் செடி நட நிறையப் பேர் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் நிற்கத்தான் ஆள் இல்லை.

நான் வேளச்சேரி பக்கம் ஒரு சின்னப் பூங்காவுக்குப் போகிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது அங்கே தூங்குமூஞ்சியும் பெருங்கொன்றையும் வேரோடு பாதை மேல் விழுந்து கிடந்தன, கிளைகளை இழுத்துப் போடத்தான் முதலில் போனேன், அப்புறம் விட மனசு வரவில்லை.

அடுத்த மழைக்கு ஒரு வளைவில் முழங்கால் வரை தண்ணீர் தேங்கியது. பத்துப் பேர் சேர்ந்து பாண்டு பாண்டாகச் செம்மண் சுமந்து அந்தப் பள்ளத்தை நிரப்பினோம், மிதித்துக் கெட்டிப்படுத்தினோம், போட்டோவும் எடுத்துக்கொண்டோம். இரண்டே மழையில் எல்லாம் குழம்பாகிவிட்டது. நடக்க வருகிறவர்கள் சேற்றுக்குப் பயந்து ஓரமாக நடக்க, புல் செத்து, பக்கத்து வேம்பின் வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. அங்கே தோட்டவேலை செய்யும் அக்கா அன்றைக்குச் சொன்னது இது: "மேடம், தண்ணி எந்தப் பக்கம் போகும்னு பாக்காம மண்ணக் கொட்டினா எப்படி நிக்கும்?"

மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். விஷயம் பள்ளத்தில் இல்லை, முப்பது அடி முன்னாலேயே இருந்தது. பாதை ஓரத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து ஒரு சின்ன வரப்பு மாதிரி ஏறியிருந்தது, தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பாதையையே வாய்க்காலாக்கி ஓடி வந்து வளைவில் நின்றது. சரிவான பக்கத்தில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு இடத்தில் அந்த வரப்பை வெட்டிவிட்டோம், அவ்வளவுதான். தண்ணீர் மரத்தடிக்குப் போனது. காய்ந்த பிறகு மண் போட்டு, சரிவுப் பக்கம் லேசாகச் சாய்த்து மேவினோம். அடுத்த மழையில் அந்த வளைவில் தண்ணீர் நிற்கவில்லை.

அந்த வெட்டுகளைச் சருகு வாராவாரம் அடைத்துவிடும். அதை எடுத்துவிட இரண்டு மணி நேரம் போதும், பழக்கமும் தேவையில்லை. உங்களை மாதிரி ஆள்தான் அதற்கு வேண்டும்.

வரி கட்டுகிறோம், மாநகராட்சி வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். நானும் வரி கட்டுகிறவள்தான், மனுவும் கொடுக்கிறேன். பெருக்குவது, குப்பை அள்ளுவது எதையும் நாங்கள் தொடுவதில்லை, அது சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை, அதில் கை வைத்தால் ஆளைக் குறைத்துவிடுவார்கள். மழை பெய்கிற நேரத்தில் பாதையைப் பார்க்க அவர்களுக்கு ஆள் போதவில்லை, அதைத்தான் செய்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் நடைமேடை போட வந்தவர்கள் புங்கமரத்தின் அடிவரை சிமென்ட்டைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்க இடமில்லை. புயலில் மரம் சாய்ந்தால் மட்டும் மரத்தைக் குறை சொல்வார்கள். கடப்பாரை எடுத்து நானும் பக்கத்து வீட்டுப் பையனும் சுற்றி ஒரு முழம் உடைத்தோம், அதற்கும் திட்டு வாங்கினேன். தப்பு செய்ததாக இன்றுவரை நினைக்கவில்லை.

சரி, நீங்கள் போகும்போது பிடிமானமுள்ள செருப்பும் கையுறையும் போதும். மரம் விழுந்து மின்கம்பி தெரிந்தால் கிட்டே போகாதீர்கள், மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள். முதல் நாள் மழையிலேயே குடை பிடித்து ஒரு சுற்று நடந்து, தண்ணீர் எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அங்கே வேலை செய்கிறவரையும் கேளுங்கள். மண்வெட்டி அதற்கு அப்புறம் போதும்.