சீருக்கு என்ன கேட்கலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் மியூனிக்கில் வேலையில் சேர வேண்டும், பெண் வீட்டில் "சீருக்கு என்னென்ன வேணும்னு மாப்பிள்ளையே சொல்லட்டும், அங்க கொண்டுபோற மாதிரி சாமானாப் பார்த்து வாங்கிருவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மிக்ஸி எடுக்கலாமா, கிரைண்டர் ஓடுமா, இண்டக்‌ஷன் அடுப்பு இங்கே வாங்கவா அங்கே வாங்கவா, வாட்ச், லேப்டாப், ஹெட்போன் என்று ஒரு முழுப் பக்கம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி: பெண் மேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறது, அதைக் கையோடு கூட்டிப் போகலாமா, ஆறு மாதம் கழித்தா? எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. ஆனாலும் நானும் உங்களை மாதிரி சாமான் பைத்தியம்தான், அதனால் சாமானிலேயே ஆரம்பிக்கிறேன்.

நான் மியூனிக் போய் 14 வருஷம் ஆகிறது. இப்போது லீவில் திருநகரில் அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன், கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன் மட்டும் ஓடுகிறது.

மின்சாரத்தில் உங்களுக்கு யோகம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்ம ஊர் மாதிரியேதான். அமெரிக்கா போயிருந்தால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இங்கே வாங்கிய மிக்ஸியை அங்கே மாட்டினால் முனகிக்கொண்டு கிடக்கும். ஜெர்மனியில் மாற்ற வேண்டியது பிளக் மட்டும்தான். அதிலும் ஒரு விஷயம், ஏர்போர்ட்டில் விற்கிற உலக அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது, போன் சார்ஜருக்கு அது போதும், ஈரக் கையோடு தொடுகிற கிரைண்டருக்கு ஆகாது, எர்த் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஒயரை வெட்டி அந்த ஊர் பிளக்கையே மாட்டிவிடுங்கள்.

மிக்ஸி கட்டாயம் எடுத்துப் போங்கள். அங்கே கிடைக்கிற பிளெண்டர் பழச்சாறுக்குத்தான் லாயக்கு, அதில் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டால் சட்னி வராது, மாவடு மாதிரி ஏதோ ஒன்று வரும். கிரைண்டர் உங்கள் இஷ்டம், டேபிள் டாப் என்றாலும் கல்லோடு 10 கிலோவுக்கு மேல் வரும், 23 கிலோ பெட்டியில் பாதியை அதுவே தின்றுவிடும். நான் இரண்டாம் வருஷம்தான் கொண்டுபோனேன். இட்லிக்கு அரைப்பது பெரிய விஷயமே இல்லை, புளிக்க வைப்பதுதான் விஷயம். மதுரையில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மாவு, அங்கே ஜனவரியில் இரண்டு நாள் ஆனாலும் கல்லு மாதிரி கிடக்கும். நான் சும்மா இருப்பேனா? வெப்பமூட்டும் பாய் ஒன்று, ஒரு சென்சார், 30 டிகிரியில் நிற்க வைக்க ஒரு கண்ட்ரோலர், போனில் கிராஃப் என்று மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தேன். நன்றாகத்தான் வேலை செய்தது. அப்புறம் ஒரு நாள் என் மனைவி மாவைத் தூக்கி ஓவனுக்குள் வைத்து, ஓவனை ஆன் பண்ணாமல் உள்ளே இருக்கிற குண்டு பல்பை மட்டும் எரியவிட்டுப் படுத்துவிட்டாள், காலையில் மாவு பொங்கியிருந்தது. பெட்டி இப்போது பரணில் இருக்கிறது.

இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம், அங்கே வீட்டில் அடுப்பே மின்சார அடுப்புதான், கண்ணாடித் தளம் போட்டது. பாத்திரம்தான் முக்கியம். இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய இட்லிச் சட்டியும் சாதாரண அலுமினியக் குக்கரும் சூடே ஆகாது. பாத்திரக் கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் ஒட்டினால் வாங்கலாம், ஒட்டாவிட்டால் வைத்துவிடுங்கள். இரும்பு தோசைக்கல் அருமையாக ஒட்டும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும், கண்ணாடியில் இழுக்கவும் கூடாது.

டிவி, வாஷிங் மெஷின், பெரிய சாமான் எல்லாம் இங்கே வாங்கிப் பிரயோஜனமில்லை. ஆனால் அங்கே போனதும் ஒரு அதிர்ச்சிக்குத் தயாராக இருங்கள். வாடகைக்கு வீடு என்றால் பல வீடுகள் சமையலறையே இல்லாமல் வரும், அதாவது அறை இருக்கும், சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் போனவர் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார், கூரையில் விளக்குகூட இருக்காது, ஒயர் மட்டும் தொங்கும். முதல் மூன்று மாதச் சம்பளம் அதற்கே போகும், புது லேப்டாப்புக்கு இல்லை. கரண்ட் பில்லும் அப்படித்தான். நம்ம ஊரில் இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவசமாகவே கிடைக்கும், அங்கே ஒரு யூனிட்டே 30 சென்ட்டுக்கு மேல். 800 வாட் வரை பால்கனியில் சோலார் மாட்டிக்கொள்ள 2024 மே மாதத்திலிருந்து சட்டம் இடம் கொடுக்கிறது, நான் மாட்டியிருக்கிறேன், தினமும் எத்தனை யூனிட் என்று பார்ப்பதில் ஒரு அலாதி சந்தோஷம், ஆனால் உங்களுக்கு முதல் வருஷம் அந்தச் சந்தோஷம் வேண்டாம்.

காசு சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது பாத்திரம் கழுவும் மெஷின். 14 வருஷத்தில் நான் வாங்கிய அத்தனை சாமானிலும் எங்கள் வீட்டுச் சண்டையைக் குறைத்தது அது ஒன்றுதான். மியூனிக் தண்ணீர் நம்ம போர் தண்ணீர் மாதிரி உப்பு... உப்பு என்று சொல்லக் கூடாது, சுண்ணாம்பு, கெட்டிலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதனால் மெஷினுக்கு என்று விற்கிற உப்பைப் போட மறக்காதீர்கள்.

சத்தமும் ஒரு விஷயம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே அமைதி நாள். நாங்கள் போன புதிதில் ஞாயிறு காலையில் சட்னி அரைத்ததற்குக் கீழ்வீட்டுப் பாட்டி கதவில் ஒரு கடிதம் ஒட்டிவிட்டுப் போனார், மிகவும் மரியாதையான கடிதம், அதுதான் இன்னும் சுருக்கென்றது. இப்போது சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுகிறோம்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

என் மனைவி இங்கே ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தவள். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் வேலையை விட்டுவிட்டு வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவள் வருவதற்குள் வீடு முழுக்க அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்மார்ட் பல்பு மாட்டி, யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று சுவிட்சுகள் மேல் டேப் ஒட்டி, எல்லாவற்றையும் என் போனில் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும் என்று நினைப்பு. டிசம்பரில் அங்கே நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒரு நாள் ரௌட்டர் தொங்கிப்போயிருக்கிறது, எனக்கு ஆபீஸில் மீட்டிங், போன் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். டேப்பைப் பிய்த்துவிட்டு சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தால் எரிந்திருக்குமே என்றேன். "தொடாதன்னு சொன்னீங்கள்ல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பல்பை எல்லாம் கழற்றினேன், ஆனால் பல்பு இல்லை பிரச்சினை என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஊரில் அறுபது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தியவளுக்கு அங்கே பகல் முழுக்க பேச ஒரு ஆள் இல்லை, பேசினாலும் பாஷை தெரியாது, கையில் சொந்தக் காசு இல்லை.

சட்டம் தடுக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ப்ளூ கார்டு, அதாவது பட்டம் படித்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தங்கும் அனுமதி, கிடைத்தால் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே எந்த வேலையும் பார்க்க உரிமை உண்டு, விசாவுக்கு ஜெர்மன் பரீட்சைகூடக் கேட்பதில்லை. தடுப்பது பாஷைதான். பரீட்சை கேட்கவில்லை என்பதற்காகப் படிக்காமல் வந்ததுதான் நாங்கள் செய்த தப்பு. அதிலும் டீச்சர் வேலை என்பது அங்கே ஒவ்வொரு மாநிலமும் விதி வைத்து நடத்துகிற தொழில், பெரும்பாலும் இரண்டு பாடத்தில் தகுதி கேட்பார்கள், ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடாக வர வேண்டும். தங்கச்சி நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விடலாம் என்று நினைத்திருந்தால் அதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கணக்குப் படித்தவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவர் படித்த பட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஜெர்மன்காரர்கள் எப்படி மதிக்கிறார்கள் என்று அனபின் என்கிற தளத்தில் பார்க்கலாம், காசு கிடையாது. என் மனைவி ஜெர்மனில் பி2 முடித்து (ஏ1-இல் ஆரம்பித்து சி2 வரை போகிற ஆறு படிகளில் நான்காவது), மூன்றாவது வருஷம் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள், இன்றைக்கு அவள் டீமில் பத்துப் பேர்.

அவளுடைய முதல் சம்பளச் சீட்டு வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே கல்யாணம் ஆனவர்களுக்கு வரி வகுப்பை மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் 3, இன்னொருவர் 5 என்று. 3-இல் இருப்பவருக்குப் பிடித்தம் குறைவு, 5-இல் இருப்பவருக்குத் தாறுமாறாகப் பிடிப்பார்கள். அவள் வேலைக்குப் போகாத காலத்தில் நான் 3 எடுத்திருந்தேன், அப்படியே விட்டுவிட்டேன். சீட்டைப் பார்த்துவிட்டு "இதுக்கா விடிய விடிய ஜெர்மன் படிச்சேன்" என்று அழுதாள். வருஷக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்த வரி ஒன்றுதான் வரும், ஆனால் குழந்தை பிறந்தால் கிடைக்கும் தொகையும் வேலை போனால் கிடைக்கும் தொகையும் கையில் வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், அதனால் 5-இல் இருப்பவருக்கு அங்கேயும் அடி. இரண்டு பேரும் 4-இல் இருங்கள். மாதம் கொஞ்சம் குறைவாக வரும், பரவாயில்லை.

கையோடு கூட்டிப் போவதா என்றால், என் யோசனை: நீங்கள் முன்னால் போங்கள், மூன்று நான்கு மாதம். வழக்கமாக முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் யாரும் யாரையும் விடலாம். மியூனிக்கில் வீடு கிடைப்பது பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம், அது கிடைக்கட்டும். அதுவரை தங்கச்சி வேலையையும் விடாமல் ஜெர்மன் ஏ1, ஏ2 படிக்கட்டும், ஆன்லைன் வகுப்பு இருக்கிறது, சென்னையில் கோதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. சீர் என்று அவர்கள் ஏதாவது செய்தே தீருவோம் என்றால் அந்த ஃபீஸைக் கட்டட்டும், கட்டில் பீரோவை யார் வீட்டில் அடைத்து வைப்பீர்கள்? நீங்களும் படியுங்கள், ப்ளூ கார்டோடு பி1 முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஆனால் நான்கு மாதம் என்பதை ஒரு வருஷமாக இழுக்காதீர்கள், வீடியோ காலில் குடும்பம் நடத்த முடியாது, நான் எவ்வளவு நல்ல கேமரா வைத்திருந்தாலும்.

கல்யாணம் முடிந்ததும் முதல் வேலை சார்பதிவாளர் ஆபீஸ். தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், மண்டப ரசீதும் போட்டோவும் விசாவுக்கு ஆகாது. இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அதே மாதிரி எழுதச் சொல்லுங்கள். அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்பார்கள், நமக்கு அப்பா பெயர் போய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் ஆபீஸில் ஆறு மாதம் என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், யாரோ அவரைத் தேடுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன்.

வேலையைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல் என்றால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள், நல்ல பெயர் வராது, ஏன் வந்தாய் என்றுதான் கேட்பார்கள்.

இந்திய நம்பரை மட்டும் உயிரோடு வைத்திருங்கள், பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்குக் கேமரா வைக்கிற யோசனை இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டு வையுங்கள். நான் கேட்காமல் ஹாலில் ஒன்று மாட்டிவிட்டுப் போனேன், ஒரு வாரம் தெரிந்தது, அப்புறம் பச்சைக் கலரில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது வந்து பார்த்தால் அம்மா அதன் மேல் துண்டு காயப்போட்டிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். ஒரு நாள் தங்கச்சியையும் அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருநகர் வாருங்கள், அந்தப் பிள்ளை என் மனைவியிடம் தனியாகப் பேசட்டும், நம்மிடம் கேட்க முடியாதது நிறைய இருக்கும். நாம் இரண்டு பேரும் அந்த நேரத்தில் டவுனுக்குப் போய்க் குக்கர் பார்த்துவிட்டு வந்துவிடலாம், காந்தம் என்னிடம் இருக்கிறது.