பதினைந்தாம் பிறந்தநாளுக்கு முன் போட வேண்டிய ஊசி

கேள்வி: என் மகன் 2009-இல் பிறந்தவன், 16 வயதாகிறது. மகளுக்கு 14 வயது 8 மாதம். ஐந்து வயது வரை போட வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டுவிட்டோம். வீடு மாறியபோது இருவரின் அட்டையும் தொலைந்துவிட்டது. இனியும் ஊசி தேவையா? முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மகளைக் கவனியுங்கள், அவருடைய விஷயத்தில்தான் நாள் குறைவாக இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியின் முதல் தவணையைப் பதினைந்து வயது நிறைவதற்கு முன் போட்டுக்கொண்டால், ஆறு மாதம் கழித்து இன்னொரு தவணையுடன் முடிந்துவிடும் என்பதும், பதினைந்து கடந்து தொடங்கினால் மூன்று தவணை தேவை என்பதும் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. இருபது வயது வரை ஒரே தவணையும் போதுமானதாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தனியார் மருத்துவமனையில் போடுபவர்களுக்கு நான் இரண்டு தவணைகளையே சொல்கிறேன். வெளிநாட்டுத் தடுப்பூசிகளோடு, புனேயில் தயாராகும் செர்வாவாக் என்ற உள்நாட்டுத் தடுப்பூசியும் கிடைக்கிறது. விலையைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் சிறுமிகளுக்கான எச்.பி.வி. திட்டத்தை அறிவித்தது. அது உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வரட்டும் என்று காத்திருந்து பிறந்தநாளைத் தாண்டிவிடாதீர்கள். இந்த ஊசியால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. மகனுக்கும் இதைப் போடலாம்; அவர் பதினைந்தைக் கடந்துவிட்டதால் மூன்று தவணை ஆகும்.

அடுத்தது டி.டி. இங்கே பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயல்புதான், ஏனென்றால் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும் இரண்டு ஊசிகள் இருக்கின்றன. காயம் பட்டால் முன்பு போட்ட பழைய டி.டி. (TT) இரணஜன்னியை மட்டும் தடுக்கும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் அரசு இப்போது போடும் டி.டி.யில் (Td) இரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் பாதுகாப்பு உண்டு. சிறு வயதில் போட்ட ஊசியின் வலு வளர வளரக் குறைந்துவிடுவதால்தான் இந்த ஊக்கத் தவணைகள். ஆகவே, "போன வருடம் ஆணி குத்தியதற்கு டி.டி. போட்டோமே" என்பதோடு விட்டுவிடாமல், போட்டது எந்த டி.டி. என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகனுக்குப் பதினாறு வயதுத் தவணையின் காலம் இதுதான். பள்ளியில் போட்டிருக்கவும் கூடும். வகுப்பாசிரியரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

அட்டை தொலைந்ததற்காக எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, பழைய மருத்துவரின் கோப்பு, கைபேசியில் என்றோ எடுத்த படம் என்று ஒருமுறை தேடுங்கள். பதிவு கிடைத்தால், இடைவெளி எவ்வளவு நீண்டிருந்தாலும் விட்ட தவணையிலிருந்து தொடரலாம். எங்கும் கிடைக்காத தடுப்பூசியைப் போடாததாகவே கருதிப் போடுகிறோம். ஒரு தவணை கூடுதலாகிவிடுமே என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான ஊசியை மட்டும் தனியாகப் பாருங்கள். அதையும் உள்ளடக்கிய, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் கூட்டு ஊசி தமிழக அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 2011 டிசம்பரில். உங்கள் பிள்ளைகள் இருவரும் அதற்கு முன் பிறந்தவர்கள் என்பதால், பதிவில் ஹெபடைடிஸ் பி மூன்று தவணையாகத் தனியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று.

2017-இல் பள்ளிகளில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா முகாமில் இருவரும் போட்டிருந்தால், அதில் பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு இல்லை என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். சின்னம்மை வந்ததே இல்லையென்றால் அதற்கும் இரண்டு தவணை உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி, சின்னம்மை ஊசி இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கப்படுபவை என்பதால், ஒரே நாளில் போட வேண்டும், அல்லது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். டைபாய்டு ஊசி இதுவரை போடவில்லையென்றால் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

இந்த வயதினர் ஊசி போட்டதும் மயங்கி விழுவது உண்டு. மருந்தைவிடப் பதற்றமே அதற்குக் காரணம். காலையில் சாப்பிட வைத்து அழைத்துச் செல்லுங்கள். ஊசி போட்ட பின் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, புது அட்டையில் தேதியும் ஊசியின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்த பிறகு கிளம்புங்கள்.