ஸ்வரப் புத்தகத்தை ஸ்கேன் செய்யும்போது புள்ளியைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: எங்க அப்பாரு கோபிசெட்டிபாளையத்துல பிடில் வாத்தியாரா இருந்தவருங்க. அவரு பெட்டியில 1930, 40கள்ல அச்சான ஸ்வரப்படுத்திய கீர்த்தனைப் புத்தகம் ஏழெட்டும், அவரு கைப்பட எழுதின நோட்டு ரெண்டும் இருக்குதுங்க. நாலு பேரு சேர்ந்து ஸ்கேன் பண்ணி, எல்லாரும் காசில்லாம எடுத்துக்கற மாதிரி இணையத்துல ஏத்தலாம்னு இருக்கறோம். போன் ஆப்புல எடுத்தா எழுத்து பளிச்சுனு வருது. அதுவே போதுங்களா? சட்டச் சிக்கல் ஏதாச்சும் வருமுங்களா?

பதில்: போதாதுங்க. பளிச்சென்று வருவதுதான் சிக்கலே.

பாட்டை ஸ, ரி, க, ம என்று எழுதிக் காட்டும் ஸ்வரப் புத்தகத்தில் எழுத்து பாதிதான். மீதி அதைச் சுற்றியுள்ள பொடிக் குறிகள். ஸ-வுக்கு மேலே புள்ளி என்றால் தாரஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி; நி-க்குக் கீழே என்றால் மந்தரஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி. காற்புள்ளி ஒரு ஸ்வர அளவு நீட்டம், அரைப்புள்ளி அதில் இரு மடங்கு. ஸ்வரங்களை ஒட்டி ஓடும் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் காலத்தை, அதாவது வேகத்தைச் சொல்கின்றன. போன் ஆப் மஞ்சள் காகிதத்தை வெளுக்கும்போது இவற்றையும் அழுக்கென்று துடைத்துவிடும். பக்கம் பார்க்க அழகாக இருக்கும்; மேல் ஸட்ஜம் (ஸ) மட்டும் கீழே வந்து விழுந்திருக்கும். பாட்டு தெரிந்தவர் சமாளித்துக்கொள்வார். புத்தகத்தை நம்பிப் பழகுகிறவர் தப்பாகவே பாடம் பண்ணுவார்.

அச்சில் அந்தப் புள்ளி 0.3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அது மூன்றரை பிக்சல், 600-இல் ஏழு. அதனால் 600 டிபிஐ, 8 பிட் கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்களோடு), தரம் குறையாத டிஃப் கோப்பு. கறுப்பு-வெள்ளை வேண்டாம். ஸ்கேனர் மென்பொருளில் ‘தானாகச் சரிசெய்’ என்ற வகையில் இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். டெம்மி சைஸ் பக்கம், அதாவது எட்டரைக்கு ஐந்தரை அங்குலம், சுருக்காமல் 17 எம்பி வரும். 200 பக்கப் புத்தகத்துக்கு மூன்றரை ஜிபி. ஒரு ஹார்ட் டிஸ்க் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பாருவின் நோட்டுகளையும், பென்சிலால் கமகக் குறி (ஸ்வரத்தை அசைக்கும் விதம்) போட்ட அச்சுப் பக்கங்களையும் கலரில் எடுங்கள். பென்சில் முதலில் காணாமல் போகும், அதுவே பல சமயம் புத்தகத்தைவிட மதிப்புள்ளது.

அந்தக் காலத்து மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். பின்பக்கப் புள்ளி ஒன்று முன்பக்க ரி-யின் தலையில் உட்கார்ந்தால் இல்லாத தாரஸ்தாயி உண்டாகிவிடும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு கறுப்புத் தாளைச் செருகி எடுத்தால் இது பெருமளவு அடங்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒல்லி ஸ்கேனர்கள் சிஐஎஸ் என்ற சென்சார் வகை. கண்ணாடியைவிட்டுக் கொஞ்சம் தூக்கி நிற்கும் முதுகுப் பக்கம் அதில் மங்கிப்போகும். சிசிடி என்ற சென்சார் உள்ள வகை அதைத் தாங்கும். அமுக்கினால் சரியாகும் என்று தாள் நொறுங்கும் புத்தகத்தை அமுக்காதீர்கள், முதுகு முறியும். அதற்குப் போனே மேல், ஆனால் ஆப் இல்லாமல், வெறும் கேமராவில். 12 மெகாபிக்சலில் டெம்மி பக்கம் படம் முழுக்க நிறைந்தால் ஏறக்குறைய 450 டிபிஐ கிடைக்கும். போனை ஸ்டாண்டில் பொருத்தி, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனும் வேண்டாம்.

பக்கம் பிரிக்கவும் கோணலை நிமிர்த்தவும் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் நல்லது. அதில் ‘டெஸ்பெக்கிள்’ என்ற தூசி நீக்கியை மறக்காமல் அணையுங்கள். புள்ளிக்கும் தூசிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

சரிபார்க்கத் தாளத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நான்கு ஸ்வரமாக எழுதிய ஆதி தாளத்தில், அதன் உறுப்புகளான லகுவுக்கு 16, திருதங்களுக்கு 8, 8. ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32 வர வேண்டும். கோடு போட்டவற்றை அரையாகவோ காலாகவோ எண்ணுங்கள். 31 வந்தால் ஒரு காற்புள்ளி போயிருக்கிறது. ஆனால் ஸ்தாயிப் புள்ளி எண்ணிக்கையில் சிக்காது. ஒருவர் புத்தகத்தைப் பார்த்துப் பாட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டியதுதான். மூல அச்சிலேயே பிழை என்றால் படத்தைத் திருத்தாமல் விவரக் குறிப்பில் எழுதுங்கள்.

இனி சட்டம். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், ஆகவே புத்தகமும் பொதுச்சொத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்வரப்படுத்தியவருக்குத் தனி உரிமை உண்டு. இந்தியாவில் அவர் மறைந்ததற்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டு. 1965-இல் மறைந்தவர் நூல் 2026 பிறந்ததும் விடுதலை. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரைக் கணக்கில் எடுங்கள். உள்ளே இருக்கும் பாட்டையும் பாருங்கள்: பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், அவர் பாட்டுக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. நோட்டில் அப்பாரு தானே இயற்றிய வர்ணம் இருந்தால் உரிமை வாரிசுகளுக்கு. அத்தைமார் உட்பட எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி, யாரும் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுங்கள்.

விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், அது அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கும். ஆசிரியர் 1940-க்குள் மறைந்திருந்தால் பொதுவாகத் தடையில்லை; பிறகு மறைந்தவர் என்றால் நூல் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பது அமெரிக்கக் கணக்கு. பொதுவகத்தில் ஏறிய புத்தகத்தைத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் தட்டெழுதவும் வழியுண்டு. ஐந்து கோட்டு மேற்கத்திய நொட்டேஷன் ஏதேனும் பெட்டியில் இருந்தால் அதற்கு ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இசைத்தாள் இணையதளம். பக்க அடியிலுள்ள பிளேட் எண்ணை (பதிப்பாளர் அச்சுத் தகட்டுக்குக் கொடுத்த எண்) குறித்துக்கொள்ளுங்கள், பதிப்பு ஆண்டை அதை வைத்துத்தான் கணிப்பார்கள்.

உங்கள் புத்தகங்களுக்கு முதல் இடம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகம். பக்கப் படங்களை வரிசை எண்ணிட்டு ஜிப் செய்து, கோப்பின் பெயர் ‘_images.zip’ என்று முடியும்படி வைத்தால் பிடிஎஃப்பை அதுவே உருவாக்கும். அட்டை, பதிப்பு விவரப் பக்கம், விலை அச்சிட்ட பின் அட்டை எதையும் விடாதீர்கள். உரிமைக் கேள்வி வந்தால் சாட்சி அவைதான். தலைப்பைப் பின்னால் மாற்றலாம், முகவரியில் வரும் அடையாளப் பெயரை மாற்ற முடியாது. ஆகவே ஒரு புத்தகத்தை மட்டும் ஏற்றி, உருவான பிடிஎஃப்பில் நாலு பக்கத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளைப் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.