மோன் பிளாங் சுற்றும் முட்டி வலியும்

சகோ, ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் மோன் பிளாங் சுற்றுக்கு, வழிகாட்டியோடு 10 நாளுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள், இப்போது இறக்கத்தில் முட்டி வலிக்கிறது, போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். முதலில் பிசியோவிடம் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

போகச் சொன்னால் முதல் வேலை, நீங்கள் சுமக்கப்போவதாகச் சொன்ன 12 கிலோ பையைக் குறைப்பது. மலைக்குடில்களில் போர்வை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் உண்டு, தூங்கும் பைக்குப் பதில் மெல்லிய பட்டு உறை போதும். 7 கிலோவுக்குள் வந்துவிடும்.

முழுச் சுற்றும் சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர், கிளம்பிய இடத்துக்கே திரும்புவதால் இறக்கமும் அதே அளவு. நான் போனபோது எனக்கு ஏற்றம் பரவாயில்லை. இத்தாலியில் இருக்கும் கூர்மாயேர் ஊருக்கு இறங்கும் காட்டுப்பாதையில்தான் சிரமம், வேரும் புழுதியுமாகச் செங்குத்தாகப் போகும், இரண்டு நடைக்கம்பையும் முன்னால் ஊன்றி ஊன்றி ஒவ்வொரு அடியாக இறங்கினேன். கம்பு இல்லாமல் போகவே போகாதீர்கள்.

அப்புறம், கடைசி நாள் பிரெவான் உச்சியிலிருந்து லெ ஊஷ் ஊர் வரை கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஒரே இறக்கம். நடப்பதற்குப் பதில் அந்த உச்சியிலிருந்தே கேபிள் காரில் பக்கத்து ஊரான ஷமோனிக்கு இறங்கிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழியில் வரும் ஃபெரே பள்ளத்தாக்கில் கோடையில் பேருந்தும் ஓடும். முட்டி விஷயத்தை வழிகாட்டியிடம் இன்றே எழுதிச் சொல்லிவிடுங்கள், எந்த நாளை எப்படிச் சுருக்கலாம் என்று அவர் முன்கூட்டியே யோசித்து வைப்பார்.